ஆட்டுக்கிடையில் ஒரு பையனைப் பார்த்தால்: டெல்டாவில் முதல்முறை துணைக்குப் போகிறவர்களுக்கு

தை அறுவடை முடிந்து வைக்கோலையும் கட்டி எடுத்த பிறகு டெல்டா வயல்களில் கிடை இறங்கும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் என்கிற ஆட்டு இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டு மூன்று ராத்திரி ஒரு வயலில் பட்டி அடைத்தால் அந்த மண்ணுக்கு எரு, கீதாரிக்கு வரும்படி. ரொம்பப் பழைய வழக்கம், நல்ல வழக்கம். அந்த மந்தைக்குப் பின்னால் சில சமயம் கையில் கம்போடு ஒரு பையன் போவான். பத்து, பதினோரு வயசு இருக்கும். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், நடக்கிற நேரத்தில். பஸ் ஜன்னல் வழியாக நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அவன் கீதாரியின் சொந்தப் பிள்ளையாக இருக்கலாம். அப்போதும் அவன் பள்ளியில் இருக்க வேண்டியவன்தான். ஆனால் சில சமயம் அவன் இந்த டெல்டாவிலேயே பிறந்தவன். அவனுடைய அப்பா அம்மா ஒரு தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, அது கழிகிறவரை இருக்கட்டும் என்று அனுப்பி வைத்திருப்பார்கள். இதற்குச் சட்டத்தில் பெயர் கொத்தடிமை. வாத்து மேய்ப்பிலும் செங்கல் சூளையிலும் இதே ஏற்பாடு உண்டு.

நான் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். இப்படிப்பட்ட குடும்பங்களோடு துணைக்கு அலுவலகம் அலுவலகமாகப் போய்வந்த பழக்கத்தில் இதை எழுதுகிறேன். "ஏதாவது செய்யணும்போல இருக்கு, எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகள், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், இவர்களுக்காகத்தான் இது.

நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. தென்னை போனது, கூரை போனது, கூலி வேலையும் நின்றது. அடுத்த பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, "அவன் ஆட்டுக்குப் போயிட்டான் டீச்சர்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நேரே புகார் செய்ய மனசு வரவில்லை. ஊரில் நாலு பேர் மதிக்கிற ஒரு பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "நீ கவலைப்படாதம்மா, நான் பேசி முடிச்சுடறேன்" என்றார். அவர் பேசினார். மறுநாள் விடிவதற்குள் கிடை அந்த வயலை விட்டுக் கிளம்பிவிட்டது. பையன் எந்த மாவட்டத்தில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அவன் வெயிலிலும் பனியிலும் கிடந்தது நான் கண்ணியமாக நடந்துகொள்ள நினைத்ததால்தான். அதை மனசிலிருந்து எடுக்க முடியவில்லை. கீழே நான் சொல்லும் வரிசை அந்த நான்கு மாதத்தில் கற்றுக்கொண்டது.

முதல் நாள்: எழுதுங்கள், எச்சரிக்காதீர்கள்

கீதாரியிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். "யார் பிள்ளை இது?" என்று மிரட்டிக் கேட்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பஞ்சாயத்து வைக்கச் சொல்லாதீர்கள். கிடை என்பது நகர்கிற வேலைத்தளம். ஒரு போன் போதும், ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

நின்று, பார்த்து, எழுதிக்கொள்ளுங்கள். என்ன தேதி, என்ன நேரம், எந்த ஊர் எல்லை, எந்த வாய்க்கால் கரை, பக்கத்தில் என்ன கோயில் அல்லது மோட்டார் கொட்டகை. கைபேசியில் இருக்கும் இடத்தைக் குறித்து உங்களுக்கே ஒரு செய்தியாக அனுப்பி வையுங்கள். அது யாருடைய வயல் என்று டீக்கடையில் இயல்பாக விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்குக் காசு கொடுக்கிறவர் வயல்காரர், அதனால் எத்தனை நாள் தங்கும், அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பையனிடம் பேச வாய்ப்பு கிடைத்தால் தண்ணீர் வேண்டுமா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பெயரும் ஊரும் அதிலேயே வந்துவிடும். விசாரணை மாதிரிக் கேட்டால் அவன் பயந்துபோவான், சாயங்காலம் அடியும் வாங்குவான்.

படம் எடுத்தால் அதிகாரிக்கு மட்டும் காட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. இந்த மாதிரி வழக்குகளில் குழந்தையின் முகமும் பெயரும் வெளியே வருவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. அதையெல்லாம் விடுங்கள், நாளைக்கு அவன் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வரவேண்டியவன். எல்லோர் போனிலும் அவன் படம் இருந்தால் எப்படித் தலைநிமிர்ந்து வகுப்பில் உட்காருவான்?

அன்று சாயங்காலத்துக்குள் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் அது, கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லலாம். அழைத்த நேரத்தையும் அவர்கள் சொன்ன பதிலையும் அதே நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டு பின்னால் பல இடத்தில் உங்களைக் காப்பாற்றும்.

அவன் வீட்டுக்குப் போவது

பையன் உள்ளூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்றால் மீட்பு நடக்கும் நாளோ அதற்கு முன்போ அவன் அம்மாவைப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "பெத்த பிள்ளையை எப்படிம்மா அனுப்பினீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியை அந்த அம்மா ஒவ்வொரு ராத்திரியும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். நீங்களும் கேட்டால் வாசலோடு பேச்சு நின்றுவிடும்.

நான் போனபோது அந்த அம்மா, "காசு வாங்கிட்டோம் டீச்சர், என்னா பண்றது?" என்றாள். புருஷனின் வைத்தியத்துக்காக வாங்கிய பணம். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு நேர்மை இருக்கிறது. கடன் வாங்கினால் அடைக்க வேண்டும் என்று நினைக்கிற ஜனங்கள் இவர்கள். அந்த நேர்மையைத்தான் முன்பணம் கொடுப்பவர்கள் கயிறாகத் திரிக்கிறார்கள்.

அதனால் அவளிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி சட்டம்தான், அதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதன்படி உழைப்பை ஈடாக வைத்து வாங்கிய அந்தக் கடன் ரத்து. அடைக்க வேண்டியதே இல்லை. அந்தக் கடனுக்காக இனிமேல் பணம் வாங்கிக்கொள்வதே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கடனைக் காரணம் காட்டி வீட்டை விட்டு வெளியேற்றவும் முடியாது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவர் தலையில்தான் இருக்கிறது. சீட்டு இல்லை, பத்திரம் இல்லை என்று குடும்பம் பயப்பட வேண்டாம்.

அதோடு, முடிவு அவர்களுடையது என்பதையும் சொல்லுங்கள். குழந்தையை மீட்பதில் தள்ளிப்போட இடமில்லை, அது நடந்தே ஆக வேண்டும். ஆனால் குடும்பம் என்ன வாக்குமூலம் கொடுக்கிறது, யார் பெயரைச் சொல்கிறது, ஊரில் எதைத் தாங்க முடியும் என்பதையெல்லாம் அவர்கள்தான் அளக்க வேண்டும். நீங்கள் சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவீர்கள். அவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறவர்கள்.

முன்பணத்தை நீங்கள் கட்டிவிடாதீர்கள்

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். நல்ல மனசுள்ளவர்கள் செய்கிற காரியம் இது. "எவ்வளவு, பதினஞ்சாயிரமா? நான் தர்றேன், பையனைக் கூட்டிட்டு வந்துடுங்க." வெளிநாட்டில் சம்பாதிக்கிற அண்ணன்மார்கள் போனிலேயே இப்படிச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படிப் பணம் கொடுத்து அழைத்து வந்தால் மூன்று விஷயம் கெட்டுப்போகும்.

குழந்தைக்கு ஒரு விலை உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். பணம் திரும்பி வரும் என்று தெரிந்தால் அடுத்த தையில் இன்னொரு வீட்டில் அதே முன்பணம் இறங்கும். எல்லாவற்றையும்விட, விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்காது. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரித்து, இவன் கொத்தடிமையாக இருந்தான், இன்று விடுவிக்கப்பட்டான், கடன் ரத்து என்று எழுதிக் கையெழுத்திடும் தாள் அது. அது இருந்தால்தான் மறுவாழ்வு நிதி. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், குழந்தை என்றால் மொத்தமாக 2 லட்சம் ரூபாயும் மத்திய அரசின் திட்டத்தில் இருக்கிறது. பெரிய தொகை வழக்கின் போக்கைப் பொறுத்து வரும், காத்திருக்க வேண்டும். உடனடித் தொகைக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பதினைந்தாயிரம் இதையெல்லாம் அடைத்துவிடும்.

உதவ வேண்டும் என்று பணம் வைத்திருந்தால் பஸ் செலவுக்கு, அலுவலகத்துக்கு வரும் நாளில் அந்த அம்மா இழக்கிற கூலிக்கு, பையனுக்கு இரண்டு செட் உடுப்புக்குக் கொடுங்கள். நடவு நாளில் ஒரு நாள் கூலி போவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

மனு

மீட்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும், அவர் பணித்த கோட்டாட்சியர் போன்ற அதிகாரிகளுக்கும் இருக்கிறது. பையன் இப்போது எந்தக் கோட்டத்தில் இருக்கிறானோ அந்தக் கோட்டாட்சியரிடம் போங்கள். அவன் சொந்த ஊர் வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல். தட்டச்சு வேண்டாம், வெள்ளைத்தாளில் கையால் எழுதினால் போதும். நான் எழுதுவது இவ்வளவுதான்:

"இன்ன ஊரைச் சேர்ந்த, சுமார் இன்ன வயதுள்ள சிறுவன், இன்ன மாதம் முதல் ஆடு மேய்க்கும் வேலையில் வைக்கப்பட்டிருக்கிறான். அவன் பெற்றோருக்கு முன்பணம் தரப்பட்டதாக அறிகிறேன். அவனுக்குக் கூலி இல்லை. வீட்டுக்குப் போக விடுவதில்லை. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்து வயலில் பார்த்தேன். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி உடனே விசாரித்து, மீட்டு, விடுவிப்புச் சான்றிதழ் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

பார்த்ததைப் பார்த்தேன் என்றும் கேட்டதை அறிகிறேன் என்றும் பிரித்து எழுதுங்கள். கோபத்தில் ஒரு வார்த்தை கூட்டி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வார்த்தையை வைத்து மொத்த மனுவையும் பொய்யாக்கிவிடுவார்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "சீல் எல்லாம் வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்றால் அங்கேயே உட்கார்ந்திருங்கள், இல்லாவிட்டால் அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். ஆனால் கிடை நகர்ந்துகொண்டிருக்கும்போது திங்கட்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது. அது பின்னால், நிதி தாமதமாகும்போது பயன்படும்.

மீட்புக்கு அதிகாரிகள் கிளம்பும் நாளில் நீங்கள் வழிகாட்டியாக மட்டும் போங்கள். பையனைக் கீதாரி முன்னால் நிற்கவைத்துக் கேட்டால் அவன் "நானாத்தான் வந்தேன்" என்பான். அவனைத் தனியாக, உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்துக் கேட்கும்படி பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலான அதிகாரிகள் கேட்பார்கள். அப்புறம் இன்னொன்று. "குழந்தைத் தொழிலாளர்" என்று மட்டும் எழுதி முடித்துவிடுவது சுலபமான வழி. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம் என்பதால் அதுவும் சரியான குற்றச்சாட்டுதான். ஆனால் முன்பணம் என்ற சொல் விசாரணை அறிக்கையில் ஏறாவிட்டால் விடுவிப்புச் சான்றிதழ் வராது. அந்த ஒரு சொல்லுக்காக நின்று பேசுங்கள்.

காவல் நிலையம்

அங்கே முதலில் கொடுப்பது சி.எஸ்.ஆர். ரசீதாக இருக்கும். மனு வாங்கினோம் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எந்த நிலையத்திலும் பதியலாம். கிடை மாவட்டம் தாண்டிப் போயிருக்கும்போது இது பெரிய உதவி. நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அதே புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், அப்புறமும் நகராவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

குடும்பம் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, வேலைக்கு வைத்தவர் அப்படி இல்லாதவர் என்றால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். கொத்தடிமையாக வேலை வாங்குவதே அதில் ஒரு குற்றம். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலையில் இருக்க வேண்டும். தேசிய உதவி எண் 14566. வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் எல்லோருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், எண் 15100.

தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவர், முடிந்தால் பெண் ஒருவர் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். பேசுவது அந்த அம்மா. நீங்கள் பக்கத்து நாற்காலி. அவள் திணறினால், "அன்னைக்கு என்கிட்ட சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க அக்கா" என்று எடுத்துக் கொடுக்கலாம். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேச ஆரம்பித்தால், அடுத்த முறை நீங்கள் வராத நாளில் அவள் அந்த வாசல் ஏறமாட்டாள்.

"இந்த ஊர்க்காரர் இல்லையே நீங்க?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மாற்றலாகி வந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். அந்த நேரத்தில் நான் நினைத்துக்கொள்வது பி. சீனிவாசராவை. இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் தென்கனராவில் பிறந்தவர், 1940-களில் கீழத்தஞ்சைக்கு வந்தார். பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. அவர்களோடு குடிசையில் இருந்து சங்கம் கட்டினார். 1961-ல் இறக்கும்வரை விவசாயிகள் சங்க வேலைதான் அவருக்கு வாழ்க்கை. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகு அங்கே வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பிறந்தது திண்டுக்கல் பக்கத்துப் பட்டிவீரன்பட்டியில். வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகவில்லை. கணவரோடு அங்கேயே தங்கி, 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற பெண்கள் பெயரில் நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தார்.

அவர்கள் அளவுக்கு உங்களாலும் என்னாலும் முடியாது. ஆனால் வெளியூர்க்காரர் என்பது கையைக் கட்டிக்கொள்ளக் காரணம் இல்லை என்பதற்கு இந்த மண்ணே சாட்சி வைத்திருக்கிறது. உங்களுக்கு ஒரு வசதிகூட உண்டு. உள்ளூரில் உங்களுக்கு வரப்புச் சண்டை இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. உங்களை மிரட்டுவது கொஞ்சம் கஷ்டம்.

சமாதானம் பேச வருவார்கள். டீ வாங்கிக் கொடுத்து, "ஏன் டீச்சர், அவனுங்களும் பொழைக்க வந்தவங்கதானே" என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கீதாரிகளில் பலர் தாங்களே வெயிலில் காய்கிற ஏழைகள். இரக்கம் இருக்கட்டும், வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி அந்தக் குடும்பத்திடம் நீங்கள் தூது போகாதீர்கள். கைக்கு எந்தப் பணம் வந்தாலும் தொடாதீர்கள், ஆட்டோக் காசுகூட.

மீட்ட பிறகுதான் வேலை

படமெடுத்து, மாலை போட்டு, செய்தி வந்ததும் துணைக்கு வந்தவர்கள் கலைந்துவிடுவார்கள். ஆறாவது மாதம் அந்த வீட்டில் மறுபடி ஒரு காய்ச்சல், மறுபடி ஒரு கடன். அப்போது கதவைத் தட்ட ஒரு ஆள் வேண்டும்.

ஆகவே ஆரம்பத்திலேயே ஓர் ஆண்டு என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் விடுவிப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததா என்று பார்த்து மூன்று நகல் எடுங்கள், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். குழந்தைகள் நலக் குழு முன் பையனைக் கொண்டுபோகும் நாளில் கூடப் போங்கள், பெரிய மேசையைப் பார்த்தாலே இந்தப் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். வங்கிக் கணக்கு, ஆதார், சாதிச் சான்றிதழ் இவற்றில் எழுத்துப் பிழை இருந்தால் நிதி அங்கேயே நிற்கும். நான் தேடிய அந்தப் பையனுக்கு ஒரு "ன்" "ண்" ஆனதில் இரண்டு மாதம் போனது. பள்ளியில் அவன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், கல்வி உரிமைச் சட்டம் 2009 அதற்கு இடம் தருகிறது. விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரிப் பெண்ணைப் பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மூன்று மாதமாகியும் நிதி வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன தேதியிட்ட என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் உள்ளது" என்று இரண்டே கேள்வி. 30 நாளில் பதில் வர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் திரும்பி வந்து ஒரு மாதம் வரை வகுப்பில் கதவோரம்தான் உட்கார்ந்தான். சத்தமாகப் பேசினால் தோளைக் குறுக்கிக்கொள்வான். நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்துணவு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன், அவ்வளவுதான். ஒரு நாள் அவனாகவே, "டீச்சர், ஆட்டுக்குட்டி ராத்திரி பொறந்தா நான்தான் தூக்கிட்டுப் போவேன்" என்றான். அதிலிருந்துதான் பேச ஆரம்பித்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்து மூன்றாவது நாள் நான் இன்றும் பழைய பள்ளிக்குப் போய் யார் யார் வரவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அந்த வாரம் ஒரு முறை போய்க் கேளுங்கள். மாசி பிறப்பதற்குள் அந்த வீடுகளுக்குப் போய்விட வேண்டும். கிடை அப்போது பக்கத்து வயலில்தான் இருக்கும்.